பாலத்தாண்ட ஒரு பல் செட்

வெள்ளானூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போய்வர பாஸ்போர்ட் தேவையில்லை. கூட ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நல்லது. எங்கள் குடும்பத்தில் அந்த உத்தியோகத்தை நான்தான் பார்த்துவருகிறேன். பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம் என்றாலும், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து காய்கறி வண்டி, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ என்று எல்லாரிடமும் பேசிப் பேசி மெட்ராஸ் பாஷையில் கரைகண்டுவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. ஊரிலிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் துணைக்கு அனுப்புவார்கள். என் கணவருக்கு அந்த நேரம் பார்த்து எப்போதும் ஒரு மீட்டிங் வந்துவிடும்.

இந்த முறை வந்த விருந்தாளி என் மாமனார். ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து மைக்கில் பஸ்களை அறிவித்தவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று அவர் சொன்னால் தூங்குகிற கண்டக்டர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். ஊர்ப் பெயரில் ஒரு 'ழ' இருந்துவிட்டால் அவருக்குத் தனிக் குஷி. ஓய்வு பெற்றபோது மைக் போனது. பிறகு பற்களும் ஒவ்வொன்றாகப் போயின. இப்போது மேல்வரிசை முழுக்க செட். குரல் மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

வந்த காரியம், என் நாத்தனார் மகள் சுபாவின் நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் மண்டபம். சுபாவும் மாப்பிள்ளை பிரவீனும் அம்பத்தூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பழகியவர்கள். மாப்பிள்ளை வீடு திருமழிசை. அவர்களுடைய தாத்தா காலம் வரை வயல் வேலை. இப்போது வீட்டில் ஆளுக்கொரு கம்பெனி பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகிறது. "லக்னப் பத்திரிகையை ஐயர் வாசிக்க வேண்டாம், எங்க தாத்தாதான் வாசிக்கணும்" என்று சுபா உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

மாமா எங்கள் பால்கனியில் நின்று ஒத்திகை பார்த்தார். எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி மேலே ஏறிவந்து, கூட்டம் எதுவும் போடுவதாக இருந்தால் அசோசியேஷனில் அனுமதி வாங்க வேண்டும் என்று பணிவாகத் தெரிவித்துவிட்டுப் போனார்.

இத்தனை ஒத்திகைக்கும் ஒரு காரணம் இருந்தது. பெண் பார்க்க வந்தபோதே மாமாவுக்கு மனதில் ஒரு முள். "நல்ல சனந்தாம்மா. ஆனா அவுக பேசுததுல பாதி எனக்கு வெளங்கல. நான் பேசப் பேச மாப்பிள்ளையோட சித்தப்பாக்காரரு சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. நம்மளக் கேலி பண்ணுதாரோ என்னமோ. ஞாயித்துக்கெழம எந்தொண்டையக் கேக்கட்டும், அப்பத் தெரியும்" என்றார். எனக்கு அவர் நிலைமை புரிந்தது. பேத்தியைக் கொடுக்கிற இடத்தில் தன்னிடம் இருக்கிற ஒரே சொத்தைக் காட்ட நினைக்கிறார்.

வெள்ளிக்கிழமை

பூந்தமல்லியில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குச் சீர் தட்டுகளும், ஊரிலிருந்து மாமா கொண்டுவந்த பொருவிளங்காய் உருண்டைகளும் போய்ச்சேர வேண்டும். ஆவடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் போனில் யாருக்கோ, ஆவடி என்பது ஊர்ப் பெயரே இல்லை, ராணுவக்காரர்கள் வைத்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். சொல்கிற ஒவ்வொருவருக்கும் விரிவாக்கம் கொஞ்சம் மாறும். அப்படியானால் அம்பத்தூர் எதன் சுருக்கம், பட்டாபிராம் எதன் சுருக்கம் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் பஸ் வந்து, எங்களைத் தாண்டிப் போய் நின்றது. எல்லாரும் ஓடினோம்.

மாமா ஓடவில்லை. நடந்துதான் வந்தார். "வண்டி நிறுத்த வேண்டிய எடத்துல நிக்கல. இது டிரைவர் தப்பு. நான் எதுக்கு ஓடணும்?" என்று படியில் நின்றபடியே கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "பெருசு, உள்ள போய் குந்து. அல்லாரும் உன்னிய மாறி நடந்து வந்தா வண்டி நாளைக்கித்தான் போய் சேரும்" என்றார். "என்ன சொல்லுதாரு?" என்று மாமா என்னைக் கேட்டார். "உங்களை உட்காரச் சொல்கிறார் மாமா" என்று மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பாளருக்குக் கொஞ்சம் வெட்டுகிற உரிமை உண்டு.

பஸ்ஸில் 'பூனமல்லி, பூனமல்லி' என்று கூவிக்கொண்டே வந்தார் அதே கண்டக்டர். பலகையில் பூந்தமல்லி, வாயில் பூனமல்லி. பூந்தமல்லி என்றால் பூத்த மல்லி என்றாவது வைத்துக்கொள்ளலாம். பூனைக்கும் மல்லிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பூனை மல்லிகைப் பூச்சூடி கண்டக்டரிடம் சில்லறை கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். மாமாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இல்லை. ஊர்ப் பெயரை இப்படிக் கடித்துத் துப்புகிற ஆளை எங்கள் பஸ் ஸ்டாண்டில் மைக் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள் என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே பையில் கைவிட்டு ஓர் உருண்டையை எடுத்து வாயில் வைத்தார்.

பொருவிளங்காய் உருண்டையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பயறு, அரிசி எல்லாம் வறுத்துத் திரித்து வெல்லப்பாகில் பிடிப்பது. பார்த்தால் லட்டு மாதிரி இருக்கும். கடித்தால் கல் மாதிரி இருக்கும். ஊரில் அதை அம்மிக்குழவியால் தட்டித்தான் சாப்பிடுவோம். மாமா பல்லை வைத்து அழுத்திய அதே நேரத்தில் பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு வேகத்தடை வந்தது. டிரைவர் அதைப் பார்க்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். உருண்டை உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமா கையில் எடுத்துக் காட்டினார். உருண்டை முழுசாக இருந்தது. இன்னொரு கையில் பல் செட் இரண்டு துண்டாக இருந்தது.

பல் செட் போட்டவர்களின் முகத்துக்கு, செட்டைக் கழற்றியதும் சட்டென்று பத்து வயது கூடிவிடும். மாமாவுக்கும் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு சொல்லைத்தான் சொல்ல முயன்றார். 'ஞாயிஷ்ஷுக்கெயம' என்று வந்தது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு மேல் அவர் பேசியதையெல்லாம் நான் சரிசெய்து எழுதுகிறேன் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். புது செட் என்றால் வாரக்கணக்காகும் என்றார். முன்சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்பினார். "இன்னாத்துக்குமா புச்சு? சென்னீர்குப்பத்துல கஜான்னு ஒர்த்தர் கீறாரு. எங்க மாமியா செட்டு மூணு துண்டா போச்சி, ஒட்டிக் குட்த்தாரு. இப்ப அது முறுக்கு துன்னுது." மாமியார் தின்கிறாரா, செட் தின்கிறதா என்று நான் கேட்கவில்லை. சென்னீர்குப்பத்தில் இறங்கிவிட்டோம்.

கஜாவின் கூடம் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே இருந்தது. டாக்டர்கள் அனுப்புகிற அளவுகளை வைத்துப் பல் செட் செய்துகொடுக்கிற இடம். அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். சில சிரித்தன, சில கொட்டாவி விட்டன. அத்தனை வாய்கள் இருந்தும் பேசியது கஜா மட்டும்தான். நாற்பது வயது இருக்கும், காதோரம் பேனா, சட்டை முழுக்க வெள்ளைப் பொடி.

"இன்னா நைனா, இன்னாத்த கட்ச்ச?" என்றார். மாமா உருண்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கஜா அதைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். சுத்தியல்தான் துள்ளியது. "இத்த வாய்ல வெச்சியா? இத்த ஆவடில டேங்குல வெச்சி சுடலாம் நைனா!" என்று சிரித்தார். பிறகு துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்துவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. நாத்தனாருக்கு விஷயத்தைச் சொல்லப் போனோடு படியிறங்கினேன்.

பேசிவிட்டு மேலே வந்தால் மாமாவைக் காணோம். "நைனாவா? அப்பால வான்னு சொன்னேன், போய்ட்டாரே" என்றார் கஜா. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். லாரிகள் பறக்கிற அகலச் சாலைக்கு அந்தப் பக்கம், மதிய வெயிலில், மஞ்சப்பையும் கையுமாக மாமா விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

விழுந்தடித்துக்கொண்டு சாலையைக் கடந்துபோய், "இங்கே என்ன மாமா செய்றீங்க?" என்று கேட்டேன். அவர் கோபமாக இருந்தார். "அந்தத் தம்பிதான அப்பால வரச்சொன்னான்? நான் வந்து எம்புட்டு நேரமா நிக்கேன். அவனத்தான் காணும்."

"மாமா, இந்த ஊரில் அப்பால என்றால் பிறகு என்று அர்த்தம்."

"பொறவுன்னா பொறவுன்னு சொல்ல வேண்டியதுதான? அப்பாலன்னா அந்தப் பக்கம்லா? காலத்தக் கொண்டு எடத்துல வச்சிப் பேசுதானுவ!"

சாலையோரம் நின்றபடியே அவருக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். நாஸ்தா என்றால் காலைப் பலகாரம், குந்து என்றால் உட்கார், அப்பால என்றால் பிறகு. சந்தேகம் வந்தால் என்னைக் கேட்க வேண்டும். மாமா தலையாட்டினார். காலமும் இடமும் ஒன்றுதான் என்று பெரிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்களாம். சென்னீர்குப்பத்தில் அதை வெகுநாளாகப் புழக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மாமாவிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே வெயிலில் நின்றிருந்தார்.

சனிக்கிழமை

பல் இல்லாத மனிதரோடு பயணம் போனால்தான் உலகத்தில் எத்தனை சாமான் கடிக்கிற சாமான் என்று தெரிகிறது. தோசையின் ஓரம்கூட அந்த வகையில் சேரும். காலையில் வீட்டில் பால், வாழைப்பழம். கஜாவைப் பார்க்கப் போகிற வழியில் பூந்தமல்லியில் ஒரு சிறிய ஓட்டலுக்குள் நுழைந்தோம். இட்லியும் வடகறியும் சொன்னேன். மாமாவுக்கு வடகறி முதல் தடவை. இட்லியைப் பிசைந்து அதில் ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். முகம் மலர்ந்தது. பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, "பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் கறி ஊத்தட்டா?" என்று கேட்டார்.

மாமா அப்படியே உறைந்துபோனார். வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. சனிக்கிழமை அவர் கவுச்சி தொடமாட்டார். கண்கள் மட்டும் என்னைக் கேட்டன. "கறி இல்லை மாமா, கடலைப்பருப்பு. வடையை உதிர்த்துப் போட்டது. பேர்தான் வடகறி" என்று சத்தியம் செய்துகொடுத்தேன். பரிமாறியவரும் வாளியைச் சாய்த்துக் காட்டினார். பிறகுதான் தொண்டை அசைந்தது. "பருப்புக்குக் கறின்னு பேரு வைக்கானுவ. நாளைக்குக் கறிய என்னன்னு சொல்லுவானுவளோ" என்றார். ஆனால் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். ஊரில் நாங்கள் பெருமையடித்துக்கொள்கிற தேங்காய்ப்பால் சொதிக்குக்கூட அவர் இப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. ஊருக்கு எழுதுவதாக இருந்தால் இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கஜாவின் கூடத்தில் விளக்கு எரியவில்லை. அந்தப் பகுதிக்கே கரண்ட் இல்லை. பிளாஸ்டர் வாய்கள் இருட்டில் சிரித்துக்கொண்டிருந்தன. "ஒட்டிட்டேன் நைனா. பாலிசு போட மெசினு ஓடணும். இப்ப கரண்டு வர மாறி தெர்ல. ஊட்டாண்ட ஒரு மெசினு கீது. திருமழிசைக்கு எட்த்துனு போயி, காத்தால முடிச்சி, நேரா மண்டபத்தாண்ட வந்து குட்த்துடறேன்" என்றார்.

மாமா பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார். மண்டப வாசலில், சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, டப்பாவிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொள்வதைவிட நான் இன்றைக்கு ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். அந்தச் சித்தப்பா ஒருவரே போதும், ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பதற்கு. பல் செட் விஷயமே அவர்களுக்குத் தெரியக் கூடாது. வழியிலேயே எங்காவது வாங்கி மாட்டிக்கொண்டு, பல்லோடுதான் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும்.

கஜா காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அப்ப ஒண்ணு செய்ங்க. நீங்க வெளிவட்ட ரோட்ல தான வருவீங்க? ஹைவேல பாலம் கீதுல்ல? காலீல பாலத்தாண்ட நில்லுங்க. நான் வந்து குட்த்துட்டு போறேன்."

"என்னம்மா சொல்லுதாரு?" என்றார் மாமா.

"நாளைக்குக் காலையில் பாலத்தைத் தாண்டி நிற்கச் சொல்கிறார்" என்றேன். கேட்ட கையோடு, யோசிக்காமல், உத்தியோகக் கம்பீரத்தோடு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் தாம்பூலத் தட்டுகளோடு முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். நானும் மாமாவும் ஆட்டோவில் கிளம்பினோம். மாமா பட்டு வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, வாயை மறைத்துத் துண்டு. பார்ப்பதற்குக் கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரியும் இருந்தார், கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரியும் இருந்தார். ஆட்டோ டிரைவர் தாஸ் ஆவடிக்காரர். கண்ணாடியில் மாமாவை ஒரு தரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பாலம் வந்தது. "தாண்டிப் போங்க" என்றேன். தாண்டினோம். "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றேன். நிழலாக ஓர் இடத்தில் நிறுத்தினார். இறங்கி நின்றோம். லாரிகள் போயின, கார்கள் போயின, ஒரு மாடு நிதானமாகப் போனது. கஜா வரவில்லை. போன் போட்டேன்.

"எங்கே இருக்கீங்க?"

"பாலத்தாண்ட தான் மேடம் கீறேன்!"

"நாங்களும் பாலம் தாண்டித்தான் நிற்கிறோம்!"

"பாலத்தாண்டயா? நான் பாத்துகினே கீறேனே, யாரியும் காணோமே!"

"நன்றாகத் தாண்டி வந்து பாருங்க!"

"இன்னாத்த தாண்டி?"

"பாலத்தைத்தான்!"

"அதான் மேடம், பாலத்தாண்ட கீறேன்றேன்!"

இப்படியே நாலைந்து தரம் கத்தினோம். லாரி இரைச்சலில் பாதி காற்றில் போனது. பிறகு லைன் போய்விட்டது. பூந்தமல்லியில் லக்னப் பத்திரிகை வாசிக்கிற நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா என் முகத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

தாஸ் தொண்டையைச் செருமினார். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தாளு இன்னா சொன்னாரு, பாலத்தாண்டன்னா?"

"ஆமாம், தாண்டி."

"தாண்டி இல்ல மேடம். ஆண்ட. ஊட்டாண்ட, கடையாண்ட, பாலத்தாண்ட. பக்கத்துலன்னு அர்த்தம். அவுரு பாலத்துக்கு கீய நின்னுனு கீறாரு. நாமதான் தாண்டிக்கினு வந்துட்டோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நேற்று இதே கஜா ஊட்டாண்ட என்றும் மண்டபத்தாண்ட என்றும் சொன்னபோது எல்லாம் சரியாகத்தான் புரிந்தது. பாலம் என்றதும் மட்டும் தாண்டத் தோன்றிவிட்டது. தாண்டுவதற்கென்றே கட்டின சாமான்தானே பாலம்! முந்தாநாள் வெயிலில் நான் எடுத்த வகுப்பைப் பற்றி மாமா ஒரு வார்த்தை எடுத்திருந்தால் நான் அந்த மாட்டோடு போயிருப்பேன். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

திரும்பலாம் என்றால் அந்தச் சாலையில் திரும்புகிற வழி சீக்கிரத்தில் வருவதில்லை. ஒருவழியாகச் சுற்றிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தால், அங்கே இளநீர் விற்கிறவர் மட்டும் இருந்தார். "வண்டில ஒர்த்தர் நின்னுனு இருந்தாரு. யார்கிட்டயோ கத்திட்டு இப்பத்தான் போனாரு" என்றார். கஜாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் ஆட்டோ நின்றதும், மாமா, "நீ உள்ள போம்மா. உம் புருசனையே வாசிக்கச் சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்புக் கதையாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேனே தவிர, அந்த நிமிஷம் சிரிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு, ஒரு மனிதர் ஆசை ஆசையாகக் காத்திருந்த காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

சுபா பட்டுப்புடவையோடு வெளியே ஓடிவந்தாள். "தாத்தா, என்ன உக்காந்துட்டீங்க?" மாமா துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். விஷயத்தை அவள் காதில் சொன்னேன். "பல்லு இல்லேன்னா என்ன? எப்படி வந்தாலும் நீங்கதான் வாசிக்கிறீங்க. இல்லேன்னா யாரும் வாசிக்க வேண்டாம்" என்று அவளும் ஆட்டோவில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தாஸ் என்னைப் பார்த்தார். இவர்களை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்கிற பார்வை.

மணப்பெண் ஆட்டோவில் உட்கார்ந்தால் கூட்டம் சேராமல் இருக்குமா? மாப்பிள்ளையின் சித்தப்பாதான் முதலில் வந்தார். திருமழிசை தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். "இன்னா பெரியவரே, ஆட்டோவ வெலைக்கி வாங்கிட்டீங்களா? எறங்க மாட்டேன்றீங்க?" என்று உரக்கச் சிரித்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையில், 'நான் சொல்லலியா?' என்று எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. மேலே கஜா. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, "நைனா! பல்லு! பல்லு வந்துருச்சி நைனா!" என்று கத்தினார்.

இரண்டு நாளாகப் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய் கஜா, நீ இன்னாடா இங்க?" என்றார் சித்தப்பா. ஒரே ஊர்க்காரர்கள்.

"நைனா செட்டு மாமே! எங்கெங்க தேடுறது? பாலத்தாண்ட நின்னு நின்னு கண்ணே பூத்துப்போச்சி!"

மாமா டப்பாவை வாங்கிக்கொண்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுதான் மாட்டிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது பழைய மாமாவாக இருந்தார். நேரே மேடைக்குப் போனார். மைக்கை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். தட்டின விதத்திலேயே தொழில் தெரிந்தது. கூட்டம் அமைதியானது.

"சிரஞ்சீவி" என்று ஆரம்பித்தார்.

'ச்சீ...ங்' என்று ஒரு விசில் மைக்கில் புறப்பட்டு மண்டபத்தைச் சுற்றிவந்தது. குக்கரில் முதல் விசில் வருகிற மாதிரி. மாமா நிறுத்தினார். மைக்கைப் பார்த்தார். நான் கஜாவைப் பார்த்தேன். கஜா தரையைப் பார்த்தார். முன்பல் இடுக்கில் எங்கோ காற்றுக்கு வழி விட்டிருக்கிறார் என்று புரிந்தது. லக்னப் பத்திரிகை எடுத்ததெல்லாம் ச-வில் ஆரம்பிக்கிற விஷயம். சிரஞ்சீவி, சௌபாக்கியவதி, சுபமுகூர்த்தம், சுற்றம். பெண் பெயர் வேறு சுபா.

"சௌபாக்கியவதி சுபா" என்றார் மாமா, நடுங்குகிற குரலில். இரண்டு விசில், ஒன்று நீளம், ஒன்று குட்டை.

பின்வரிசையில் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. அப்போது சித்தப்பா எழுந்து நின்றார். போச்சு என்று நினைத்தேன். இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து, கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.

"தபாரு, பொண்ணோட தாத்தாவே பேத்தி பேருக்கு விசில் அட்ச்சிகினு படிக்கிறாரு! கொரலு எப்பிடி கணீர்னு கீது! மாப்ள ஊட்டுக்காரங்க நாம கம்முனு குந்திகினு கீறோம். எந்திரிங்கடா!"

அவ்வளவுதான். திருமழிசை மொத்தமும் எழுந்தது. தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சிக்கு அடிக்கிற விசில். பிடித்துப்போனால் இங்கே விசில்தான் மரியாதை. பிடிக்காவிட்டால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமாவுக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, கடைசியில் பார்த்தேன். அவர் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், முழு வரிசையும் தெரிய.

"ஒன்ஸ் மோர்!" என்று யாரோ கத்தினார்கள். மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை நடுக்கம் இல்லை. ஒவ்வொரு ச-விலும் நின்று, இழுத்து, விசிலுக்கு இடம் கொடுத்து, கூட்டம் பதில் விசில் அடித்து ஓயும்வரை காத்திருந்து வாசித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. 'சீரும் சிறப்பும் செல்வமும் செழிப்பும் சேர' என்றெல்லாம் அந்தத் தாளில் இல்லை. நான்தான் அதைத் தட்டச்சு செய்தவள்.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது கஜா தயங்கித் தயங்கி மாமாவிடம் வந்தார். "மன்னிச்சுக்க நைனா. அவசரத்துல பாலிசு போட சொல்லோ கொஞ்சம் சந்து வுட்டுட்டேன். குடு, இப்பவே எட்த்துனு போயி அடச்சிக் குட்த்துடறேன்."

மாமா ஓரடி பின்வாங்கி, வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"எம்மா, கல்யாணம் முடியுத வரைக்கும் இதுல எவனும் கைவைக்கப்படாதுன்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார் கைக்குள்ளிருந்து. பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்: "அந்த 'சௌபாக்கியவதி' அருமையா விழுந்துதுல்லா?"